ஊதா பிர்ச்சும் பெங்களூர்ப் பொழுதும்

"சார், பர்ப்பிள் இலை பிர்ச் மரம் இங்கே எந்த நர்சரியில கிடைக்கும்?" என்று கேட்டார் எங்கள் தெருக்கோடியில் புது வீடு கட்டும் தம்பி. மிஷிகனில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு மரம் நின்றதாம். நாவற்பழ நிறத்தில் இலை, சின்னக் காற்றடித்தாலும் ஒரு சலசலப்பு. பெங்களூரும் குளிர்ந்த ஊர்தானே, ஒன்று வைத்தால் என்ன என்பது அவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் வராது. வெயில் தாங்காது, அதனால்தான் வராது என்று பலர் சொல்வார்கள். வெயில் மூன்றாவது காரணம். முதல் இரண்டையும் டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

முதலில் மரம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிர்ச் என்பது வடக்குத் தேசங்களின் மரக்குடும்பம். ஐரோப்பாவில் வெள்ளி பிர்ச் என்று ஒன்று உண்டு. மெல்லிய கிளைகள் தொங்கும், பட்டை வெளுத்து உரியும். அதில் எப்போதோ ஒன்று பச்சைக்குப் பதில் ஊதா இலை விட்டது. தோட்டக்காரர்கள் அதைப் பிடித்து ஒட்டுக் கட்டிப் பெருக்கினார்கள். பிறகு அமெரிக்காவில் அந்த ஊதா வகையை வேறு பிர்ச்சுகளோடு கலந்து 'கிரிம்சன் ஃப்ராஸ்ட்', 'ராயல் ஃப்ராஸ்ட்' என்று கலப்பின மரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தம்பியின் வாசலில் நின்றது இவற்றில் ஒன்றாக இருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மரங்கள் விதையில் அப்படியே வருவதில்லை. ஒட்டுக் கட்டியோ, குச்சியிலிருந்தோ, திசு வளர்ப்பிலோதான் நிறம் மாறாமல் வரும். இணையத்தில் 'ஊதா பிர்ச் விதை' என்று பாக்கெட் போட்டு விற்றால், உள்ளே என்ன விதை இருக்கிறது என்பதை விற்றவர் மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

இந்த ஊதாவுக்குப் பின்னால் பச்சை இல்லாமல் போய்விட்டதா என்றும் கேட்டார். இல்லை, பச்சை பத்திரமாக இருக்கிறது. அபார்ட்மெண்ட் வாசல்களில் தரையோடு படர்ந்து கிடக்குமே, தண்டு முதல் இலை வரை ஊதாவாக ஒரு செடி, நர்சரியில் 'பர்ப்பிள் ஹார்ட்' என்பார்கள், அதில் ஓர் இலையைக் கிள்ளி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டேன். மேலே கொதிக்கிற வெந்நீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊதாவாக இறங்கியது. இலை வெளுத்து, வெந்த கீரையின் பச்சையோடு மிதந்தது. எலுமிச்சையைப் பிழிந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் திரும்பியது. (இது குடிக்க அல்ல, அந்தச் செடியின் சாறு தோலை அரிக்கும்.) தண்ணீரில் கரைந்து வந்த நிறமி ஆந்தோசயனின். நாவற்பழத்திலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் இருப்பது அதே குடும்பம்தான். இலை உணவு சமைக்கத் தேவையான பச்சையம் அடியில் அப்படியே இருக்கிறது, மேலே ஊதா ஒரு திரை, அவ்வளவுதான். வெயில் குறைந்தால் மரம் அந்தத் திரையைச் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஊதா இலை மரத்தை நிழலில் வைத்தால் அழுக்குப் பச்சையாகப் போகிறது. ஊதா பிர்ச் தன் சொந்த ஊரிலேயே வசந்தத்தில் பளிச்சென்றும், கோடை முற்றும்போது பச்சை கலந்த வெண்கல நிறத்திலும்தான் இருக்கும்.

இனி பெங்களூர் விஷயம். மரத்துக்கு நாட்காட்டி உண்டு. பிர்ச் அதைப் படிப்பது வெப்பத்தை வைத்து அல்ல, பகல் நீளத்தை வைத்து. வடக்கே கோடைப் பகல் நீண்டது. டெட்ராய்ட்டில் ஜூன் மாதம் சூரியன் 15 மணி நேரத்துக்கு மேல் மேலே நிற்கும், பின்லாந்தில் இன்னும் அதிகம். பகல் நீளமாக இருக்கும்வரை பிர்ச் நுனி வளர்த்துக்கொண்டே போகும். பகல் குறுகத் தொடங்கினால், குளிர் வருகிறது என்று எடுத்துக்கொண்டு நுனியை மூடி, மொட்டுக் கட்டி, உறக்கத்துக்குத் தயாராகும். வெளியே இன்னும் கதகதப்பாக இருந்தாலும் சரி. 12 மணிப் பகலில் வைத்த பிர்ச் கன்று சில வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும் என்பதை ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

பெங்களூர் இருப்பது 13 பாகை வடக்கில். இங்கே வருடத்தின் நீண்ட பகலே 13 மணியை எட்டுவதில்லை. டிசம்பரில் பதினொன்றேகால், பதினொன்றரை மணிக்குள். ஆக, ஜனவரியானாலும் ஜூனானாலும் அந்தக் கன்றுக்கு இங்கே எப்போதும் இலையுதிர் காலம்தான். குளிர்ந்த ஊர், நல்ல மண், சொட்டு நீர் என்று எதைக் கொடுத்தாலும் அது படிக்கிற நாட்காட்டி மாறாது.

சரி, உறங்கிவிட்டது, மறுபடி விழிக்கட்டுமே என்றால் அங்கே இரண்டாவது பூட்டு. உறங்கிய மொட்டு திறக்க, பூஜ்யத்துக்குச் சற்று மேலான குளிர் வாரக்கணக்கில் வேண்டும். அந்தக் குளிரைச் சேர்த்து வைத்த பிறகுதான் வசந்தச் சூட்டுக்கு மொட்டு மதிப்புக் கொடுக்கும். பெங்களூரில் ஜனவரி இரவு சராசரியாக 15, 16 டிகிரி. இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரி 13-ல். நாம் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நடுங்குவது பிர்ச்சின் கணக்கேட்டில் குளிராகவே ஏறாது. கன்று உடனே சாகாது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டு இலை விடும், நிற்கும், ஒரு பக்கக் கிளை காயும், மறுபடி ஒரு இலை விடும். நட்டவர் உரம் போடுவார், மருந்தடிப்பார். அப்புறம்தான் ஏப்ரல் வெயில் வந்து மிச்சத்தை முடிக்கும்.

"ஆப்பிளும் குளிர் கேக்கிற மரம்தானே சார்? இப்ப பெங்களூர்லயே காய்க்குதுன்னு வீடியோ போடறாங்களே?" என்று மடக்கினார். சரியான கேள்வி. காய்க்கிறது. 'அன்னா', ஹிமாசலின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த 'எச்.ஆர்.எம்.என்-99' போன்றவை குறைந்த குளிரிலேயே திருப்தியடையும் வகைகள். ஆப்பிளுக்கு வேறொரு சௌகரியமும் உண்டு: அது பகல் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை, வெப்பத்தை மட்டும் பார்த்து உறங்குகிற மரம். இலையை உருவி, தண்ணீரை நிறுத்தி அதைக் கொஞ்சம் ஏமாற்றலாம். பிர்ச்சுக்கு இரண்டு பூட்டு. ஆப்பிளுக்கு ஒன்று, அதற்கும் சாவி கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிர்ச்சை ஏமாற்றவே முடியாதா என்றால், முடியும். இரவிலும் விளக்கு எரியவிட்டுப் பகலை நீட்டினால் அது உறங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். பின்லாந்தில் விதைக்காகப் பிளாஸ்டிக் குடில்களுக்குள்ளேயே பிர்ச் தோட்டம் நடத்துகிறார்கள். பெங்களூர் வீட்டு வாசலில் ஒரு மரத்துக்காக வருடம் பூராவும் விளக்கு எரிப்பதா என்பதை பெஸ்காம் மின்கட்டண பில்லைப் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

பெட்டியில் ஒரு குச்சி கொண்டுவந்து பார்க்கலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அது வேண்டாம். வெளிநாட்டுச் செடி, குச்சி, விதை எதுவானாலும் 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதியும் அந்த நாட்டின் நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் வரக் கூடாது. இது வெறும் காகிதச் சட்டமும் அல்ல. அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்த பச்சை வண்டு, ஆசியாவிலிருந்து மரப்பெட்டிகளோடு போய் 2002-ல் முதலில் அடையாளம் காணப்பட்டது தம்பி இருந்த அதே மிஷிகனில்தான்.

இந்தியாவில் பிர்ச்சே இல்லையா? உண்டு, இமயத்தில். போஜபத்ரம் என்று சொல்லும் மரம் பிர்ச்தான். மரங்கள் முடிந்து புல் தொடங்கும் உயரத்தில் நிற்கிறது. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகிற வழியில் போஜ்பாசா என்ற இடத்துக்குப் பெயரே அதனால் வந்தது. யாத்திரைக்காரர் கூட்டத்துக்கு அடுப்பெரித்து அங்கே மரம் அருகிப்போய், மலையேறும் வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1990-களில் மறுபடி நடத் தொடங்கினார். நம் பக்கம் பனையோலையில் எழுதினோம், காஷ்மீரத்திலும் காந்தாரத்திலும் இந்த மரத்தின் பட்டையை உரித்து எழுதினார்கள். பூஜ்யத்துக்குப் புள்ளி வைத்த பக்ஷாலி கணக்குச் சுவடி, 1881-ல் பெஷாவர் பக்கம் ஒரு வயலில் கிடைத்தது, இந்தப் பட்டையில் எழுதியதுதான். இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வட தாய்லாந்து மலைகள் வரை, சூட்டைச் சற்றுத் தாங்கும் வேறொரு பிர்ச்சும் உண்டு. நூறடி வளரும் காட்டு மரம், இலை பச்சை. நம் கேள்விக்கு உதவாது.

ஸ்கார்பரோவிலோ மினசோட்டாவிலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. உங்கள் வாசலில் ஊதா பிர்ச் தாராளமாக வரும். தலைக்கு முழு வெயில், வேருக்குக் குளிர்ச்சி, இதுதான் அதன் குணம். வேர் மேலோட்டமாக ஓடும். அடியில் புல் வளர்க்காமல் மரத்தூளோ இலைச் சருகோ மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள், அது தண்டைத் தொடக் கூடாது. வசந்தத்தில் கவாத்துச் செய்தால் வெட்டிய இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அப்போது கத்தியை எடுக்காதீர்கள். எதிரி, வெண்கலத் துளைப்பான் என்ற வண்டு. மேலே சொன்ன பச்சை வண்டின் சொந்தக்காரன். தண்ணீருக்குத் தவிக்கும் மரமாகப் பார்த்து முட்டை வைக்கும், உச்சிக் கிளை முதலில் காயும், பட்டையில் ஆங்கில 'டி' (D) எழுத்து வடிவில் சின்ன ஓட்டை தெரியும். ஓட்டை தெரிகிறபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஐரோப்பிய வெள்ளி பிர்ச்சின் ரத்தம் ஓடுகிற ஊதா வகைகளுக்கு இந்த ஆபத்து அதிகம், ஆகவே வறண்ட கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுவதுதான் மருந்து.

இனி பெங்களூர் வாசலுக்கு என்ன வைப்பது? தம்பிக்கு வேண்டியது பிர்ச் அல்ல, ஊதா இலையும் காற்றில் ஓர் அசைவும். வருடம் முழுக்க ஊதாதான் வேண்டும் என்றால் நேராகச் சொல்லக்கூடியது யூஃபோர்பியா காட்டினிஃபோலியா. மெக்ஸிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதிவரை அதன் சொந்த நாடு. பத்துப் பதினைந்தடிச் சிறு மரம். ஒயின் நிறத்தில் முட்டை வடிவ இலைகள், ஒரு கணுவுக்கு மூன்றாக, நீண்ட காம்பில். அந்தக் காம்புதான் ரகசியம்: மற்ற செடிகள் சும்மா நிற்கும்போதும் இதில் இலை ஆடும். பிர்ச்சைப் பிரிந்து வந்தவர் மனசு இதில் ஓரளவு ஆறும். ஆனால் ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து, தோலிலும் கொப்பளிக்கும். குழந்தைகள் கை எட்டும் இடத்திலும், நாய் படுக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். கவாத்துச் செய்யும் ஆளுக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள். மாலியிடம் இதைச் சொல்லாமல் விட்டு, அவர் வேர்வையைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு, வெளிப்படையாகச் சொன்னால், எப்போதும் ஊதாவாக நிற்கும் மரம் பிடிப்பதில்லை. முதல் மாதம் திரும்பிப் பார்ப்போம், ஆறாம் மாதம் அது கேட்டின் பெயின்ட் நிறம் மாதிரி கண்ணில் படாமல் போய்விடும். நம் ஊர் மரங்கள் அதே ஆந்தோசயனினைத் தளிருக்கு மட்டும் செலவழிக்கின்றன. மாந்தளிரைப் பாருங்கள். மார்ச்சில் மேடை மேல் நிற்கிற அரச மரத்தைப் பாருங்கள், வெயில் ஊடுருவுகையில் மரம் முழுக்கச் செம்பு. இளம் இலைக்கு வெயில் காப்பு அந்தச் சிவப்பு என்கிறார்கள் சில தாவரவியலாளர்கள். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க என்கிறார்கள் வேறு சிலர். இலை முற்றி, பச்சையத்தில் முதலீடு செய்வது கட்டுபடியாகும்வரை திரை இருக்கும், பிறகு விலகும்.

இதில் என் முதல் தேர்வு சிறுநாகப்பூ. கன்னடத்தில் நாகசம்பிகே, இலங்கையில் நாகமரம். 1986 முதல் அந்த நாட்டின் தேசிய மரம். தளிர் விடும் காலத்தில் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை நீளமாக, கூராக, நனைந்த பட்டுத்துணி போலத் துவண்டு தொங்கும். நுனி இலை ரத்தச் சிவப்பு, அடுத்தது ரோஜா, அதற்கும் கீழே மஞ்சள் ஓடிய வெளிர்பச்சை. பழைய இலை கரும்பச்சை, அதைத் திருப்பினால் அடியில் சாம்பல் பூசியது போல வெளுப்பு. நான்கு நிறம் ஒரே கிளையில் அடுக்காக நிற்கும். பிறகு வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து, மணம் தெருவரை. குறை ஒன்று, மெதுவாகத்தான் வளரும், மகன் காலத்தில்தான் மரம் என்று சொல்லும்படி நிற்கும். அதுவே சின்ன மனைக்கு வசதியும்கூட.

அடுத்தது அசோகம். இங்கே நர்சரியில் உஷாராக இருக்க வேண்டும். 'அசோகா' என்று கேட்டால் ஈட்டி மாதிரி நேராக வளரும் நெட்டிலிங்கத்தை எடுத்து நீட்டுவார்கள். 'சீதா அசோகா' என்று கேளுங்கள். கிளை நுனியில் தளிர் கொத்தாக, செம்புக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறத்தில், எலும்பே இல்லாதது போலத் தொங்கும். வருடக் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை அடிமரத்திலேயே ஆரஞ்சுப் பூ. பாதி நிழலிலும் வளரும் என்பதால் இரண்டு மாடிகளுக்கு நடுவில் அகப்பட்ட வாசலுக்கு ஏற்றது.

சமையலறைக்காரர்களுக்குப் பட்டை மரம். இலவங்கப்பட்டை தருகிற அதே மரம். தளிர் பளிச்சென்ற சிவப்பு, பத்தடியில் நிறுத்தி வெட்டிக்கொள்ளலாம், பிரியாணிக்கு இலையும் கிடைக்கும். அதுவும் இடம் கொள்ளாது என்றால் வேலியாக யூஜீனியா என்று நர்சரியில் விற்பது. ஒவ்வொரு முறை கத்தரித்ததும் செம்பு நிறத்தில் புதிதாகத் துளிர்க்கும், நிறம் எப்போது வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். தொட்டியில்தான் முடியும் என்பவர்களுக்கு லோரோபெட்டலம், சீனப் புதர், இலை ஊதா, பூ ரோஜா நிறம்.

ஒரு தெரு முழுக்கத் தளிர் மரங்களைப் பங்கிட்டு வைத்தால் என்ன என்ற யோசனை எனக்கு லால்பாக் பூங்காவில் வந்தது. 1908-ல் பெங்களூர் வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் குரும்பிகல், எந்த மாதத்திலும் ஊரில் ஏதோ ஒரு மரமாவது பூத்திருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சாலை மரங்களைத் தேர்ந்தவர். அவர் பூவுக்குச் செய்ததை ஒரு தெரு சேர்ந்து தளிருக்குச் செய்யலாம். ஒருவர் வீட்டில் மா, அடுத்த வீட்டில் அசோகம், எதிரே சிறுநாகப்பூ, மூலையில் பட்டை மரம். எல்லாரும் ஒரே மரத்தை வைக்கிற குடியிருப்புகளில் இது சுலபமில்லை; சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

வெள்ளைப் பட்டைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கஜபுட் தைலம் எடுக்கும் மெலலூகா இருக்கிறது. பட்டை காகிதம் காகிதமாக உரியும், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஆனால் பெரிய மரம், பண்ணை வீட்டுக்குத்தான் சரி. முப்பதுக்கு நாற்பது மனையில் கொய்யா போதும். வழுவழுப்பான தண்டில் பச்சையும் செம்பும் திட்டுத்திட்டாக உரிவதைப் பழத்துக்கு ஆசைப்பட்டு யாரும் பார்ப்பதில்லை.

நடுவதற்கு முன் அளந்து பாருங்கள். சுவருக்கும் மரத்துக்கும் சிறு மரமானால் ஆறடி, சிறுநாகப்பூவுக்கு அதைவிடக் கூடுதல். மேலே மின்கம்பி, கீழே சம்ப், பக்கத்தில் சாக்கடைக் குழாய். கர்நாடகத்தில் 1976-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் பொதுவாக மர அலுவலரின் அனுமதி வேண்டும். வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, யோசிக்கிற வேலையை அப்போதே முடித்துக்கொள்வது நல்லது. புது வீட்டு மண்ணில் பாதி சிமென்ட் கட்டியும் செங்கல் துண்டுமாக இருக்கும். இரண்டடிக்கு இரண்டடிக் குழி தோண்டி அதை அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் சமமாக, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட ஜூன் கடைசி, ஜூலை முதலில் நட்டால் முதல் ஏப்ரலுக்கு முன் வேர் இறங்க ஒன்பது மாதம் கிடைக்கும்.

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரத்தில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. போகிறபோது உயரமான கன்றைப் பார்த்து மயங்காதீர்கள். கவரைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் வட்டமாகச் சுற்றிச் சுருண்டிருந்தால் அது கவரிலேயே வயசானது. மூன்றடிக் கன்றாக, வேர் வெளியே வராததாக எடுங்கள். தளிர் விட்டிருக்கும் நேரத்தில் போனால் நிறத்தையும் கண்ணாலேயே பார்த்து வாங்கலாம், ஒரே மரத்தின் இரண்டு கன்றுகளில்கூடச் சிவப்பு ஒரே மாதிரி இருக்காது. தம்பி இப்போதைக்கு சீதா அசோகாவுக்கும் சிறுநாகப்பூவுக்கும் நடுவில் நிற்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.